ஒரு அன்னாசிக்கு இரண்டு வேலை: டாக்கோ கடையும் மெக்சிகோவின் புளித்த பானங்களும்

மெக்சிகோ நகரத்தில் பொழுது சாய்ந்ததும் டாக்கோ கடைகளின் வாசலில் ஒரு செங்குத்துக் கம்பி சுழல ஆரம்பிக்கும். மிளகாய்ச் சாந்தில் ஊறிச் சிவந்த பன்றி இறைச்சித் துண்டுகளை அந்தக் கம்பியில் அடுக்கடுக்காகக் குத்தி, மேலே அகலமும் கீழே ஒடுக்கமுமாகச் செதுக்கியிருப்பார்கள். பக்கத்திலேயே நெருப்பு. இந்த இறைச்சிக் கூம்புக்கு அங்கே த்ரோம்போ என்று பெயர். ஸ்பானிய மொழியில் பம்பரம் என்று அர்த்தம். பம்பரத்தின் தலையில் தோல் சீவிய அன்னாசி ஒன்று செருகியிருக்கும். கடைக்காரர் இடது உள்ளங்கையில் சூடான டார்ட்டியாவை, அதாவது மெல்லிய மக்காச்சோள அடையை வைத்துக்கொண்டு, நீளக் கத்தியால் இறைச்சியை மெல்லிசாகச் சீவி அதில் விழவைப்பார். கடைசியில் கத்தி நுனி மேலே போய் அன்னாசியில் ஒரு வெட்டு. சின்னத் துண்டு ஒன்று பறந்து வந்து டாக்கோவின் நடுவில் விழும்.

வேடிக்கை பார்ப்பவர்களின் கண் அந்தத் துண்டின் மேலேயே இருக்கும். சரி, அந்த அன்னாசியிலிருந்து சீவி எடுத்த தோல் என்ன ஆனது? சில கடைகளில் அது குப்பைக்குப் போவதில்லை. வெல்லமும் பட்டையும் சேர்த்துத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் நுரைத்துப் புளித்து ஒரு பானமாகிவிடும். தெபாச்சே என்று பெயர். பழம் டாக்கோவுக்கு, தோல் டம்ளருக்கு.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தத் தோல்தான் காரணம். டாக்கோ என்றதும் நம்மில் பலருக்கு மொறுமொறுவென்று மடித்த ஓடு ஒன்று நினைவுக்கு வரும். மெக்சிகோவின் பானம் என்றால் டெக்கீலா. அந்த ஊர்ச் சின்னக் கடையை இந்த இரண்டை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே தட்டில் இருப்பதும் டம்ளரில் இருப்பதும் ஒரே அடுப்பங்கரையில் பிறந்தவை. மாவு மிஞ்சினால் ஒரு பானம், தோல் மிஞ்சினால் இன்னொரு பானம். இரண்டுமே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து சீக்கிரமே தீர வேண்டியவை. அதனால்தான் இந்தப் பானங்களுக்குப் பெரிய ஆலையைவிடச் சின்னக் கடையே பொருத்தமான வீடு என்று நினைக்கிறேன்.

நின்றுகொண்டே சாப்பிடும் கடை

டாக்கோ கடைக்கு ஸ்பானிய மொழியில் தாக்கேரீயா என்று பெயர். அதிலும் சின்ன வகைக் கடையில் மேசை நாற்காலி இருக்காது, இருந்தாலும் பேருக்கு நாலு ஸ்டூல். ஒரு நீள மேடை. அந்தப் பக்கம் அடுப்பும் கத்தியும், இந்தப் பக்கம் நாம். எவ்வளவு சின்னக் கடை எவ்வளவு பெரிய பெயர் வாங்க முடியும் என்பதற்கு எல் கலிஃபா தே லெயோன் ஒன்று போதும். மெக்சிகோ நகரின் சான் ரஃபாயேல் பகுதியில் 1968-இல் தொடங்கிய கடை. ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி இடம், உட்கார வசதி கிடையாது, விற்பது நாலே வகை டாக்கோ. 2024-இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேடு முதன்முதலாக மெக்சிகோவுக்கு வந்தபோது அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். நட்சத்திரம் வாங்கிய பிறகும் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

இப்படிக் கடையில் முதல் தடவை நிற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். டாக்கோ உள்ளங்கை அளவே இருக்கும்; மூன்று நாலு சாப்பிடுவது சாதாரணம். "கோன் தோதோ?" என்று கேட்பார்கள். எல்லாம் போடட்டுமா என்று பொருள். எல்லாம் என்றால் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லித் தழையும். "கோன் கோப்பியா" என்று யாராவது சொன்னால், நகலோடு கொடு, அதாவது அடியில் இன்னொரு டார்ட்டியாவும் வை என்று அர்த்தம். சாஸ் கிண்ணங்களும் எலுமிச்சைத் துண்டுகளும் மேடையிலேயே இருக்கும், நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பச்சை சாஸ்தான் சாதுவானது என்று நம்பி அள்ளிவிடாதீர்கள். பல கடைகளில் சாப்பிட்டு முடித்த பிறகு, எத்தனை சாப்பிட்டோம் என்று நாமே சொல்லிக் காசு கொடுக்கிறோம். அந்த நம்பிக்கை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பம்பர டாக்கோவுக்கு அல் பாஸ்தோர் என்று பெயர், மேய்ப்பர் பாணி என்று சொல்லலாம். செங்குத்துக் கம்பியில் இறைச்சி சுடும் வித்தையை மெக்சிகோவுக்குக் கொண்டுவந்தவர்கள் லெபனானிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் குடியேறியவர்கள். முதலில் புவெப்லா நகரில் ஒரு மாதிரியான ரொட்டியில் சுற்றி விற்றார்கள். பிறகு ரொட்டி போய் டார்ட்டியா வந்தது, மெக்சிகோவின் மிளகாய்ச் சாந்து வந்தது, அன்னாசி வந்தது.

மேடையின் ஓரத்தில் வயிறு பெருத்த பெரிய கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கும். வித்ரோலேரோ என்பார்கள். செம்பருத்திப் பூவில் செய்த சிவப்புப் பானம், அரிசியும் பட்டையும் சேர்ந்த வெள்ளைப் பானம் எல்லாம் அதில்தான். இவை புளிக்காதவை. அந்த வரிசையில் தேன் நிறத்தில், மேலே லேசாக நுரை கட்டி நிற்பது எதுவோ அது தெபாச்சே.

இனிப்பு எங்கிருந்து வருகிறது?

புளிப்பது என்றால் என்ன என்று இட்லி மாவு கரைக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் பானம் என்று வரும்போது மூன்று தரப்பைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. நுரையும் குமிழும் அதனால் வருபவை. லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையைத் தின்று புளிப்பை விடுகிறது. தயிர்ப் புளிப்பு இதன் வேலை. மூன்றாவது அசெட்டிக் பாக்டீரியா. இது காற்றோட்டம் கிடைத்தால் ஈஸ்ட் செய்துவைத்த சாராயத்தை வினிகராக மாற்றும். மெக்சிகோவின் பாரம்பரியப் பானங்களில் மூவரும் ஒரே பானையில் இருக்கிறார்கள். எந்த நாளில் பானையைத் திறந்து குடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ருசி மாறும்.

மூவருக்கும் தீனி சர்க்கரைதான். ஆகவே எந்தப் பானத்தைக் கண்டாலும், இதில் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதி விளங்கிவிடும். பழத்திலிருந்து வரலாம், செடியின் சாற்றிலிருந்து வரலாம், தானியத்திலிருந்து வரலாம். தானியத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: அதில் இருப்பது மாவுச்சத்து, அதை ஈஸ்ட் நேரடியாகத் தின்னாது. அதைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெல்லமாவது சேர்க்க வேண்டும். மெக்சிகோக்காரர்கள் இரண்டு வழியையும் வைத்திருக்கிறார்கள்.

தெபாச்சே முதல் வகை. அந்தப் பெயரைப் பழைய நாவாட் மொழியின் தெபியாத்ல் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அதற்கு மக்காச்சோள பானம் என்று பொருள். ஆதியில் சோளத்தில் செய்தது பின்னால் அன்னாசிக்கு மாறி, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இதை வீட்டில் செய்து பார்ப்பது சுலபம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நன்றாகப் பழுத்து மணம் வீசும் அன்னாசி ஒன்று. தோலை மேலோட்டமாகத் தண்ணீரில் அலசினால் போதும், சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது. புளிக்கவைக்கும் ஈஸ்ட் அந்தத் தோலின் மேல்தான் குடியிருக்கிறது. வெளியிலிருந்து உறை எதுவும் ஊற்றப்போவதில்லை. தோலையும் நடுத்தண்டையும் துண்டுகளாக்கி ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போடுங்கள். மெக்சிகோவில் பிலோன்சியோ என்று கூம்பு வடிவ வெல்லம் கிடைக்கும். கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் வார்த்தது, நம் அச்சு வெல்லம்தான். அதில் 200 கிராம் அளவுக்குத் தட்டி, இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு துண்டு பட்டை, நாலைந்து கிராம்பு. ஜாடியின் வாயில் மெல்லிய துணி கட்டி, வெயில் படாத மூலையில் வையுங்கள்.

முதல் நாள் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். இரண்டாம் நாள் காலை ஜாடியின் பக்கம் குனிந்து காது கொடுத்தால் மெல்லிய சலசலப்பு கேட்கும். தோல் துண்டுகள் மேலே எழும்பி மிதக்க, அவற்றின் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஏறும். மேலே படியும் வெள்ளை நுரையைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு ருசி பாருங்கள். வெல்ல இனிப்பு முன்னால் நிற்கும், புளிப்பு பின்னால் வரும். நம் ஊர் வெப்பத்தில் ஒன்றரை நாளிலேயே இந்தக் கட்டம் வந்துவிடுகிறது, இரண்டு நாள் தாண்ட விட வேண்டாம். வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் போட்டுக் குடிப்பது வழக்கம்.

முதல் தடவை செய்தபோது துணிக்குப் பதில் ஜாடியின் மூடியை இறுக்கித் திருகி வைத்தேன். மறுநாள் மூடியைத் தளர்த்தியதும் நுரை சீறிப் பாதி ஜாடி தரையில் கொட்டிவிட்டது. கண்ணாடி உடையாமல் போனது அதிர்ஷ்டம். உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும், அது வெளியேற வழி வேண்டும். துணி கட்டச் சொல்வது அதற்காகவும்தான். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று பூசணம் எந்த நிறத்தில் பூத்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்க நினைக்காதீர்கள். வெறுமனே நாள் தாண்டிப் புளிப்பு ஏறிவிட்டது என்றால் மட்டும் கவலையில்லை. இன்னும் சில வாரம் விட்டால் அருமையான அன்னாசி வினிகர் ஆகிவிடும். மெக்சிகோவின் சமையலறைகளில் அதற்கும் இடம் உண்டு.

மாவுப் பானையிலிருந்து

டாக்கோவின் அடித்தளம் டார்ட்டியா. டார்ட்டியாவின் அடித்தளம் மக்காச்சோளமும் சுண்ணாம்பும். ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் அளவில் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். காலையில் தோல் வழுவழுவென்று கழன்று வரும். கழுவி அரைத்தால் மணமான மசா, அதாவது மாவு. இப்படிச் சுண்ணாம்பில் வெந்து ஊறிய சோளத்துக்கு நிஷ்தமால் என்று பெயர். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம், வெறும் ருசிக்காக வந்ததல்ல. சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் சுண்ணாம்பில்தான் நம் உடம்புக்குக் கிடைக்கும் வடிவுக்கு வருகிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியிலும், பிற்பாடு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு பெலாக்ரா நோய் வந்து தோல் வெடித்தது, புத்தி தடுமாறியது.

அதே மசாவைத் தண்ணீரில் கரைத்து வெல்லம் போட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டால் தெஹுயினோ. மேற்கே ஹலிஸ்கோ, கொலீமா, நயாரித் மாநிலங்களின் பானம் இது. குவாதலஹாரா நகரின் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். பரிமாறுவதில்தான் விசேஷம்: பழுப்பு நிறக் கூழின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து, தாராளமாக உப்பு போட்டு, ஐஸ் தூளோடு ஆற்றி, மேலே ஒரு உருண்டை எலுமிச்சை ஐஸ். இனிப்பு, புளிப்பு, உப்பு, சில்லிப்பு எல்லாம் ஒரே வாயில். கூழ் குடித்துப் பழகியவருக்கு அந்தக் கெட்டித்தன்மை புதிதாக இருக்காது. பழகாதவருக்கு முதல் வாய் திகைப்பாக இருக்கும், இரண்டாவது வாயில் பிடிபட்டுவிடும். இதில் சாராயச் சத்து மிகக் குறைவு.

வடக்கே சிவாவா மாநிலத்தின் மலைகளில் வாழும் ராராமுரி மக்கள் இன்னொரு வழியில் போகிறார்கள். சோளத்தை முளைகட்டுகிறார்கள். முளை விடும்போது விதை தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக உடைத்துக்கொள்ளும். அந்த முளையை அரைத்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்துப் புளிக்கவைத்தால் தெஸ்குயினோ, சோள பீர். ஒரு குடும்பத்தின் வயலில் வேலை இருந்தால் அக்கம்பக்கத்தவர்கள் கூடி வந்து செய்துகொடுப்பார்கள். கூலி பணமாக இல்லை, பானை நிறைய தெஸ்குயினோ. பள்ளத்தாக்குகளில் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கும் வீடுகளை இந்தக் கூட்டங்கள்தான் சேர்த்துவைக்கின்றன. இது கடைப் பானமே அல்ல, கடையில் தேடிப் பயனில்லை.

தெற்கே தபாஸ்கோவிலும் சியாப்பாஸிலும் பொசோல். சுண்ணாம்பில் வெந்த சோளத்தைக் கரகரப்பாக அரைத்து, உருண்டை பிடித்து, வாழை இலையில் பொதிந்து வைப்பார்கள். நாளாக நாளாகப் புளிப்பு ஏறும். வேண்டும்போது ஒரு உருண்டையைத் தண்ணீரில் கரைத்துச் சுரைக்குடுக்கைக் கிண்ணத்தில் குடிப்பது. கொக்கோ சேர்த்து அரைத்ததும் உண்டு. நன்றாகப் புளித்ததை உப்பும் மிளகாயும் கடித்துக்கொண்டு குடிப்பவர்களும் உண்டு. வெயிலில் வயலுக்குப் போகிறவருக்கு அதுவே சோறு, அதுவே தண்ணீர்.

புல்கே

இந்தப் பானங்களில் வயதில் மூத்ததும், அதிகம் அவமானப்பட்டதும், என் மனத்துக்கு நெருக்கமானதும் புல்கே. மெக்சிகோவின் நடு மேட்டுநிலத்தில் ஹிதால்கோ, த்லஷ்காலா பக்கம் வளரும் மாகேய் என்ற பெரிய கற்றாழையின் சாறு அது. நம் ஊர் ரயில் பாதை ஓரங்களிலும் வேலிகளிலும் ஈட்டி ஈட்டியாக நிற்கும் ஆனைக்கற்றாழை இதே இனத்துச் செடிதான், மெக்சிகோவிலிருந்து வந்தது.

டெக்கீலாவும் மெஸ்காலும் கற்றாழையில் வருபவைதானே, புல்கேவும் அதுதானா என்று கேட்பார்கள். இல்லை. அவற்றுக்குச் செடியை வெட்டிச் சாய்த்து, குருத்துக் கிழங்கைச் சுட்டுப் பிழிந்து, புளிக்கவைத்து, வாலையில் வடிக்க வேண்டும். புல்கேவுக்குச் செடி உயிரோடு நிற்க வேண்டும். நெருப்பும் வேண்டாம், வாலையும் வேண்டாம்.

மாகேய் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நெடுந்தண்டு எழுப்பிப் பூத்து, செத்துப்போகும். அந்தத் தண்டு எழும்பப்போகிற நேரத்தைக் கண்டுபிடித்துக் குருத்தை வெட்டிவிடுவார்கள். பூவுக்காகப் பத்து வருடம் சேர்த்துவைத்த சர்க்கரையெல்லாம் வெட்டின குழியில் ஊறத் தொடங்கும். அந்த இனிப்பு நீருக்கு அகுவாமியேல் என்று பெயர், தேன்தண்ணீர் என்று அர்த்தம். சாறு எடுப்பவரை த்லாச்சிகேரோ என்பார்கள். அவர் கையில் அக்கோகோத்தே என்று ஒரு நீளச் சுரைக்குடுக்கை இருக்கும், இரண்டு முனையிலும் துளை. ஒரு முனையைக் குழிக்குள் விட்டு மறு முனையில் வாய் வைத்து உறிஞ்சினால் சாறு குடுக்கைக்குள் ஏறும். பிறகு குழியின் சுவரை ஒரு சுரண்டியால் வழிப்பார். காயம் ஆறிவிட்டால் சாறு நின்றுவிடும் என்பதால் தினமும் புதுப்பிக்க வேண்டும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ஒரு செடி சில மாதங்களுக்குத் தினம் நாலைந்து லிட்டர் கொடுத்துவிட்டு வாடிவிடும். பாளை சீவிக் கள் இறக்குபவரின் நாளும் இப்படித்தானே நகர்கிறது! மரம் ஏறுவது மட்டும் இல்லை.

சாற்றைக் கொண்டுபோய், முந்தைய புல்கே கொஞ்சம் மிச்சம் வைத்த தொட்டியில் ஊற்றினால் சில மணி நேரத்திலேயே வேலை தொடங்கிவிடும். இதில் ஈஸ்டோடு ஜைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் சாராயம் செய்கிறது. 1920-களில் பால் லிண்ட்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்தது புல்கேயிலிருந்துதான். இன்னொன்று லூக்கோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் நமக்கு வேண்டப்பட்டதுதான், இட்லி மாவைப் பொங்கவைப்பதில் இதற்குப் பெரிய பங்கு. புல்கேயில் அது சர்க்கரையைக் கோர்த்துப் பசையான இழைகளாக்குகிறது. அதனால்தான் புல்கே வெள்ளையாக, லேசாகக் கொழகொழவென்று இருக்கிறது. கிண்ணத்தைச் சாய்த்தால் நூல்போல இழுபட்டு வரும். அந்த வழுவழுப்பைக் கண்டு முகம் சுளித்துத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. நல்ல புல்கேயின் அடையாளமே அதுதான் என்று தெரிந்துகொண்டு இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள் என்பேன். சாராயச் சத்து ஏறக்குறைய பீர் அளவு, 4 முதல் 6 சதவீதம்.

ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இதற்குப் பெயர் ஒக்த்லி. கெட்டுப்போன ஒக்த்லி என்று பொருள்படும் சொல்லைக் கேட்டு அவர்கள் புல்கே என்று பிடித்துக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். சோலூலா நகரப் பிரமிடில் 1969-இல் வெளிப்பட்ட சுவரோவியம் ஒன்றில் ஆண்களும் பெண்களுமாகக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது புல்கே என்றே பலர் கருதுகிறார்கள். மாகேய் செடிக்கு மாயாவெல் என்று தெய்வம் உண்டு, அவளுடைய பிள்ளைகள் 400 முயல்கள். நாவாட் மொழியில் 400 என்றால் எண்ணவே முடியாத அளவு. போதைக்கு அத்தனை முகம் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். மெஷிகா (ஆஸ்டெக்) மக்களிடம் கட்டுப்பாடும் கடுமையாக இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் மெந்தோசா சுவடியில், குடித்துத் தள்ளாடும் இளைஞர்களுக்கு மரண தண்டனையும், பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்ட எழுபது வயதுப் பாட்டிக்கு வேண்டிய மட்டும் குடிக்க அனுமதியும் படமாக வரைந்திருக்கிறது.

மெக்சிகோ நகரையும் வெராக்ரூஸ் துறைமுகத்தையும் இணைத்த ரயில் பாதை 1873-இல் முழுமையானது. அது புல்கே விளையும் ஆப்பான் சமவெளிப் பக்கமாகப் போனது. பீப்பாய் பீப்பாயாகத் தினமும் தலைநகருக்கு வந்து இறங்கியது, தெருவுக்குத் தெரு புல்கேரியா என்ற புல்கே கடை முளைத்தது. தரையில் மரத்தூள், சுவரில் வண்ண ஓவியம், பெண்களுக்குத் தனித் தடுப்பு. கண்ணாடிக் குவளைகளுக்குக்கூட வடிவத்துக்கு ஒரு பெயர்: முறுக்கிய வடிவம் தோர்னீயோ, அம்மைத் தழும்பு விழுந்ததுபோல இருப்பது ககரீசா. பிறகு பீர் ஆலைகள் வந்தன. 1890-இல் மொன்தெரேய் நகரில் தொடங்கிய குவாவ்தெமோக் அவற்றில் பெரியது. புல்கே அழுக்கு, சாணத்தைத் துணியில் கட்டித் தொட்டியில் போட்டுத்தான் புளிக்கவைக்கிறார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் பரவியது. இன்றைக்கும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் சாறெடுத்து, தினமும் குழி வழித்து, பத்து வருடம் செடிக்காகக் காத்திருக்கும் ஒருவரின் உழைப்பை ஒரு வதந்தி இப்படித் தின்றதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வதந்தி மட்டும் காரணமில்லை. பீரை அடைத்து வைக்கலாம், புல்கேயை முடியாது. அது நிற்காமல் புளித்துக்கொண்டே இருக்கும், சில நாளில் குடிக்க ஆகாமல் போகும். பதப்படுத்திக் கேனில் அடைத்து விற்கிறார்கள். அதில் உயிர் நின்றுவிடுகிறது, ருசியும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே புல்கே குடிக்க, அது வந்து இறங்கும் கடைக்குத்தான் போக வேண்டும். மெக்சிகோ நகரில் சான் ஹுவான் சந்தைக்குப் பக்கத்தில் அராந்தா தெருவிலுள்ள லாஸ் துவெலிஸ்தாஸ் போன்ற பழைய புல்கேரியாக்களில் கடந்த சில ஆண்டுகளாக இளைஞர்கள் கூட்டம் மறுபடி நிறைந்திருக்கிறது. அங்கே வெறும் புல்கேயோடு, கொய்யா, ஓட்ஸ், செலரி என்று அரைத்துக் கலந்த குராதோ வகைகளும் உண்டு. புதியவர்கள் கொய்யாவில் தொடங்குவது நல்லது.

ஒரு பானம் மிச்சம் இருக்கிறது. பசிபிக் கரையிலுள்ள கொலீமாவில் தோளில் பெரிய சுரைக்குடுக்கையைச் சுமந்துகொண்டு, தொப்பி போட்டு, கடற்கரையில் கூவி விற்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் விற்பது தூபா. திறந்து பார்த்தால் சாட்சாத் தென்னங்கள்! மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பாளை சீவும் வித்தையை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். தூபா என்ற பெயரும் அவர்களுடையதே. அப்படியே வெள்ளையாகவும் தருவார்கள், பீட்ரூட் நிறம் கூட்டி, வறுத்த வேர்க்கடலையும் ஆப்பிள் துண்டும் மிதக்கவிட்டும் தருவார்கள்.

இனி கடையில் நிற்கும்போது. சாராயம் அறவே வேண்டாம் என்பவர்கள் செம்பருத்திப் பானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தெபாச்சேயில் வழக்கமாக 1 முதல் 2 சதவீதம்தான் என்றாலும் இல்லாமல் இல்லை. நாள் கூடினால் அதுவும் கூடும். மற்றபடி, அல் பாஸ்தோருக்கு தெபாச்சே கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம், கொழுப்பையும் காரத்தையும் அந்த அன்னாசிப் புளிப்பு கழுவிவிடும். புல்கேயோடு மாட்டிறைச்சியோ காளானோ வைத்த டாக்கோ நன்றாகப் போகும். தெஹுயினோவைத் தனியாகக் குடியுங்கள், அதுவே ஒரு வேளைக்கு ஆகும். ஜாடியில் எது அடிமட்டத்துக்கு வந்திருக்கிறதோ அதை முதலில் சொல்லிவிடுங்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். அடுத்தது புளிக்க இன்னும் இரண்டு நாள் ஆகும்.